அனுபவம் இருக்கிறது, அத்தாட்சி எங்கே?

மாத்தளை நகரிலும் உக்குவளை, கலேவெல, தம்புள்ள பக்கங்களிலும் கணனித் தொழில் செய்யும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஓ.எல். உடன் படிப்பு நின்றுவிட்டது. கம்பஸ் போகவில்லை. ஆனால் பத்து வருடமாக நெட்வேர்க், சொஃப்ட்வெயார் வேலைதான் செய்கிறேன். அவுஸ்திரேலியாவுக்குத் தொழில் விசாவில் போகலாமா?"

போகலாம், அதற்கு வழி உண்டு. ஆனால் அந்த வழி எப்படிப்பட்டது என்று அறியாமல் முகவரிடம் பணம் கட்டுவோர் பலர். விடயம் கடை முதலாளிமாரையும் நேரடியாகத் தொடுவதால் இவ்வாரம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

யார் மதிப்பிடுகிறார்கள்?

அவுஸ்திரேலியாவில் புள்ளி அடிப்படையிலான தொழில் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்னர் தொழில் திறனை மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். மென்பொருள், வலையமைப்பு, சிஸ்டம் நிர்வாகம் போன்ற தொழில்களை மதிப்பிடுவது ஏ.சி.எஸ். என்ற அவுஸ்திரேலியக் கணனிச் சங்கம். தகவல் தொழில்நுட்பத்தில் பட்டமோ டிப்ளோமாவோ இல்லாதவர்களுக்காக அங்கு ஆர்.பி.எல். எனும் முன்கற்றல் அங்கீகார வழி இருக்கிறது.

இதில் விண்ணப்பதாரி தான் செய்த இரண்டு பெரிய வேலைகளைப் பற்றி விரிவான அறிக்கை எழுத வேண்டும். ஒன்று கடந்த மூன்று ஆண்டுக்குள்ளும் மற்றது கடந்த ஐந்து ஆண்டுக்குள்ளும் செய்ததாக இருக்க வேண்டும். பிரச்சினை என்ன, தான் என்ன தீர்மானித்தார், ஏன் அப்படிச் செய்தார் என்பவை அதில் தெரிய வேண்டும். இன்னொருவருடைய அறிக்கையைப் பிரதி பண்ணினால் கண்டுபிடித்து விடுவார்கள். "ரெடிமேட் ரிப்போர்ட் தருகிறோம்" என்று சொல்லும் முகவரை விட்டு விலகியிருங்கள்.

எல்லாக் கணனி வேலையும் ஒன்றல்ல. கணனி திருத்துதல், வன்பொருள் பொருத்துதல், வாடிக்கையாளர் உதவி ஆகிய வேலைகளை மதிப்பிடுவது ஏ.சி.எஸ். அல்ல, ரி.ஆர்.ஏ. என்ற வேறு நிறுவனம். அதன் நிபந்தனைகளும் வேறு. போட்டோ கொப்பி, டைப்பிங், ரீலோட் செய்யும் கொமியூனிகேஷன் கடையில் இருந்த காலம் கணனித் துறை அனுபவமாகக் கொள்ளப்படாது. உங்கள் வேலை எந்தத் தொழிற் பெயருக்குள் அடங்கும் என்பதை முதலில் பாருங்கள்.

வருடக் கணக்கில் ஒரு சூட்சுமம்

பட்டதாரியிடம் கேட்பதை விடப் பட்டம் இல்லாதவரிடம் பல ஆண்டுகள் கூடுதலாக அனுபவம் கேட்கிறார்கள். எத்தனை ஆண்டு என்பதை ஏ.சி.எஸ். வெளியிட்டிருக்கும் நடப்பு வழிகாட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்குக் குறைந்த வேலை கணக்கில் சேராது.

பலர் ஏமாறும் இடம் அடுத்ததுதான். பட்டத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ளப்படும் அந்த ஆண்டுகளுக்கு அனுபவப் புள்ளி கிடையாது. அதற்குப் பின்னர் வரும் ஆண்டுகளுக்கே புள்ளி. வெளிநாட்டு அனுபவம் மூன்று ஆண்டு இருந்தால் 5 புள்ளி, ஐந்து ஆண்டுக்கு 10, எட்டு ஆண்டுக்கு 15. ஆகவே "பத்து வருடம் இருக்கிறது, 15 புள்ளி நிச்சயம்" என்று கணக்குப் போட்டவருக்கு ஒரு புள்ளியும் வராமற் போகலாம். கல்விக்குரிய புள்ளியும் ஆர்.பி.எல். மூலம் தானாக வந்துவிடாது.

மொத்தம் குறைந்தது 65 புள்ளி வேண்டும். அழைப்புக் கிடைக்கப் பெரும்பாலும் அதைவிடக் கூட வேண்டியிருக்கும். வயது 25 முதல் 32 வரை 30 புள்ளி. 45 வயது நிறைந்தவருக்கு இந்த வழி மூடப்பட்டுவிடும். எனவே பட்டம் இல்லாதவருக்குக் கைகொடுப்பது வயதும் ஆங்கிலமும்தான். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் நான்கு பகுதியிலும் 7 எடுத்தால் 10 புள்ளி, 8 எடுத்தால் 20 புள்ளி. முகவருக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தை முதலில் ஆங்கில வகுப்புக்குக் கொடுப்பது புத்தி.

முதலாளிமார் கவனத்துக்கு

அனுபவத்தை நிரூபிப்பது முதலாளியின் கடிதம். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் வேலையிற் சேர்ந்த திகதி, விலகிய திகதி, முழுநேரமா பகுதிநேரமா, செய்த வேலைகளின் விபரம், கையொப்பமிடுபவரின் பெயர், பதவி எல்லாம் இருக்க வேண்டும். "இவர் நல்ல பிள்ளை, நேர்மையானவர்" என்று நாம் வழமையாகக் கொடுக்கும் இரண்டு வரி இங்கு உதவாது.

கடிதத்துக்குப் பின்னால் ஆதாரமும் தேவை. நமது கடைகளில் சம்பளம் கையில் கொடுக்கப்படுகிறது. சம்பளத் துண்டு இல்லை, ஊழியர் சேமலாப நிதியும் கட்டுவதில்லை. எட்டு வருடம் உழைத்த பிள்ளைக்குக் கடைசியில் ஒரு துண்டுக் கடதாசிகூட மிஞ்சுவதில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் சேமலாப நிதிக்குச் செலுத்த வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். இது நாம் செய்யும் உபகாரமல்ல, அவர்களுடைய உரிமை. சம்பளத்தை வங்கியில் போட்டு இவற்றையும் ஒழுங்காகக் கட்டினால் அந்தப் பதிவுகளே அவருக்குச் சாட்சி.

கடிதம் கொடுத்தால் ஆள் போய்விடுவான் என்ற பயம் சிலருக்கு. கொடுக்காவிட்டாலும் போக நினைப்பவர் போகத்தான் செய்வார். இங்கே சேவைக்குக் கடிதம் கிடைக்கும் என்று தெரிந்தால் நல்ல பிள்ளைகள் உங்கள் கடையைத் தேடி வருவார்கள்.

அதே நேரம், உறவுக்காகவோ பணத்துக்காகவோ வேலை செய்யாதவருக்குக் கடிதம் கொடுக்காதீர்கள். தொலைபேசியில் விசாரித்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பொய் ஆவணம் பிடிபட்டால் விசா மறுக்கப்படுவதோடு மூன்று ஆண்டுத் தடையும் வரலாம். ஒரு கையொப்பம் அந்த இளைஞரின் எதிர்காலத்தையே அடைத்துவிடும்.

சொந்தக் கடைக்காரர் என்றால் தனக்குத் தானே கடிதம் எழுத முடியாது. பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவு, கணக்காளரின் கடிதம், வாடிக்கையாளர்களின் கடிதங்கள், பில்கள், வரிப் பத்திரங்கள் வேண்டும். பில் புத்தகத்தை வருட முடிவில் எறிந்துவிடாதீர்கள்.

ஊரிலேயே தொடங்கலாம்

வெளிநாடு போகாதவருக்கும் அனுபவத்தைச் சான்றிதழாக்கும் வழி நாட்டிலேயே இருக்கிறது. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு வழங்கும் என்.வி.கியூ. சான்றிதழ் ஏழு மட்டங்களைக் கொண்டது. கணனி வன்பொருள், தகவல் தொழில்நுட்பத் தொழில்களில் அனுபவம் உள்ளவர் வகுப்புக்குப் போகாமலே நைற்றா போன்ற நிறுவனங்கள் ஊடாக முன்கற்றல் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆதாரங்களைப் பார்த்து, செய்முறையிலும் சோதித்த பின்னரே சான்றிதழ் தருவார்கள். 5, 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா. 7ஆம் மட்டம் பட்டம்.

உழைத்துக்கொண்டே பட்டம் பெற விரும்புவோருக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு ஆரம்பித்த பி.ஐ.ரி. வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. இருபது வயதுப் பிள்ளைக்கு நான் சொல்வது இதைத்தான். ஆர்.பி.எல். என்பது படிக்கும் காலம் தவறிப் போனவருக்கான வழி.

கடையில் கணனி வேலை செய்யும் ஒருவர் இருந்தால் இந்த மாதமே அவருக்கு நியமனக் கடிதம் கொடுங்கள். செய்யும் வேலைகளைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே போனாலும், இங்கேயே இருந்தாலும் அது வீண் போகாது.