மதிப்பெண்ணும் மதிநுட்பமும்

அபிராமபுரத்தில் மாலைவேளைகளில் யான் பாடஞ் சொல்லிக்கொடுக்கும் இல்லமொன்றில், சென்ற கல்வியாண்டின் இறுதியில், ஒன்பது வயதுச் சிறுவனொருவனின் தேர்ச்சி அறிக்கையை அவன் தாயார் என்முன் வைத்தார். கணக்கில் 98, தமிழில் 41. உளவியலறிஞர் ஒருவர் அளித்த தாளொன்றும் உடனிருந்தது. அதில் நுண்ணறிவு ஈவு 132 என்று கண்டிருந்தது. "தம்பி, இவனுக்கு டபுள் புரமோஷன் கேட்கலாமா? இல்லை, கணக்குப் புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டுத் தமிழையே படிக்கச் சொல்லலாமா?" என்று அவர் வினவினார். தமிழ் ஆனர்ஸ் பயிலும் எனக்கு அந்த 41 சற்றே சுட்டதென்பதை மறைப்பானேன்? விடை கூறுமுன் இவ்வெண்கள் எதனைக் கூறுகின்றன, எதனைக் கூறவில்லை என்று ஆராயத் தலைப்பட்டேன்.

நூற்றுக்கு 98 என்பது, கேட்கப்பட்ட வினாக்களுக்கு எத்துணை விடை சரி என்பதை மட்டுமே கூறும். பெர்ஸென்டைல் என்பது வேறு. 98 பெர்ஸென்டைல் எனின், அத்தேர்வை எழுதியவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றெண்மரைவிட மேலே நின்றான் என்பது பொருள். வினாத்தாள் கடினமாயின் 60 மதிப்பெண் பெற்றவனும் அந்நிலையை எய்தலாம். நுண்ணறிவு ஈவோ, 100-ஐ நடுவாக வைத்து, ஒத்த வயதினரோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படுவது. 130-க்கு மேற்படுவோர் நூற்றுவரில் ஏறத்தாழ இருவரே. எனினும், 132 என்று எழுதியிருப்பதை 127-க்கும் 137-க்கும் இடைப்பட்டதென்று படிப்பதே நேர்மையாகும். மற்றொரு நாள் அளப்பின் எண் சிறிது மாறும்.

பாரிஸ் நகரில் ஆல்பிரெட் பினே என்பார் 1905-இல் இத்தகைய தேர்வை முதன்முதல் அமைத்தபோது, மேதைகளைத் தேடினாரல்லர். பள்ளியிற் பின்தங்கும் குழந்தைகளுக்கு உதவி செய்யவே விரும்பினார். பிரிவினைக்கு முற்பட்ட இந்தியாவில், லாகூர் பார்மன் கிறிஸ்தவக் கல்லூரியைச் சார்ந்த ஹெர்பர்ட் ரைஸ் அதனை இந்துஸ்தானி மொழிக்கேற்ப அமைத்து 1929-இல் வெளியிட்டார். மிஷன் கல்லூரி மாணாக்கராகிய நாம் இதனை நினைவிற் கொள்ளலாம்.

எண்களின் மற்றொரு குறை, அவற்றிற்கு ஓர் உச்சவரம்பு உண்டென்பது. நான்கடிக் கோலொன்றே கையிலிருப்பின், ஐந்தடியானும் ஆறடியானும் அதன்முன் ஒரே உயரத்தினரே. வகுப்பில் 98 பெற்ற இருவருள் ஒருவன் அவ்வகுப்புப் பாடத்தை மட்டும் அறிந்தவனாகவும், மற்றவன் மூன்று வகுப்புகள் முன்சென்றவனாகவும் இருத்தல் கூடும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஜூலியன் ஸ்டான்லி, கல்லூரி புகுவார்க்குரிய தேர்வை 1972-இல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதினர்க்கு வைத்துப் பார்த்தது இவ்வேற்றுமையைக் காணும் பொருட்டேயாம்.

இவ்விடத்தில் ஸ்ரீநிவாச ராமானுஜனை நினையாதிருத்தல் இயலாது. 1919-இல் நோயுற்றவராய்த் தாய்நாடு திரும்பிய அவர் சிலகாலம் தங்கியிருந்த லஸ், அபிராமபுரத்தினின்றும் நடந்து செல்லுந் தொலைவே. 1897-இல் தொடக்கக் கல்வித் தேர்வில் அவர் தஞ்சை மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார். 1904-இல் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் ரங்கநாதராவ் பரிசு வழங்கப்பெற்றபோது, தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இவருக்கு முழு மதிப்பெண்ணும் போதாது என்னுங் கருத்துப்படப் பேசினாரென்பர். அவ்வாசிரியர் உச்சவரம்பை உணர்ந்தவர்! ஆனால் அடுத்த ஆண்டே, ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால், கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை ராமானுஜன் இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும், எப்.ஏ. தேர்வில் 1906-இலும் 1907-இலும் தவறினார். எல்லாப் பாடங்களிலுந் தேறினாலன்றித் தேர்ச்சியில்லை என்பது அந்நாள் விதி. 1912-இல் அவர் மாதம் 30 ரூபாய்க்குத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமேதும் பெறாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. விதியைத் தளர்த்தவும் ஒரு பல்கலைக்கழகத்தால் இயன்றது. ஆனால் அதற்குள் ஆறாண்டுகள் கழிந்துபோயின. அவர் வாழ்ந்ததோ முப்பத்திரண்டு ஆண்டுகளே.

இதைக் கேட்டு, பிற பாடங்களில் தவறுவதே மேதைக்கு இலக்கணமென்று கருதுவது பேதைமை. யான் கூறுவது இவ்வளவே: மொத்த மதிப்பெண் என்னும் ஒற்றை எண், மேட்டையும் பள்ளத்தையும் நிரவிச் சமதரையாக்கிக் காட்டிவிடும். நுண்ணறிவு ஈவும் பொய்த்ததுண்டு. கலிபோர்னியாவில் லூயி டெர்மன் 1921 முதல் மேதைக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தபோது, எண் போதாதென்று விடப்பட்ட ஷாக்லி, ஆல்வாரெஸ் என்னும் இருவரும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றனர்.

தாலந்து என்பது பண்டைக்காலத்து நிறையின் பெயர். நம் திருமறையிலுள்ள உவமையினின்றே ஆங்கிலத்தில் அச்சொல் திறமையைக் குறிக்கலாயிற்று. அவ்வுவமையில் எசமான் கடிந்துகொண்டது, குறைவாகப் பெற்றதற்காக அன்று, பெற்றதைப் புதைத்ததற்காக. கணக்குப் புத்தகங்களை எடுத்து வைப்பதும் ஒருவகைப் புதைத்தலே.

ஆயின் செய்யத்தக்கது யாது? வகுப்பு முழுவதையும் தாண்டச் செய்தல் ஒரு வழி. அஃது எல்லாப் பாடங்களிலும் முன்சென்ற குழந்தைக்கே பொருந்தும். ஒரு பாடத்தில் மட்டும் மேல்வகுப்பு நூலைப் பயிலவிடுதல் மற்றொரு வழி. செலவில்லாதது, ஆசிரியரின் இசைவு ஒன்றே வேண்டுவது. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்க்கெனத் தனிப்பிரிவே உண்டு. அருகில் பிர்லா கோளரங்கமும் உளது. வளர்ந்தபின் கணித ஒலிம்பியாட் தேர்வுகளும், தானே நுழைவுத் தேர்வு நடத்தி மாணாக்கரைத் தெரிந்தெடுக்கும் சிறுசேரிச் சென்னைக் கணிதவியல் கழகமும் இருக்கின்றன. அன்று ராமானுஜனுக்கு இவற்றுள் ஒன்றேனும் இருந்ததில்லை.

அச்சிறுவனிடம், படித்த கதையொன்றைத் தமிழில் வாயாற் சொல்லச் சொன்னேன். தங்குதடையின்றிச் சொன்னான். அதையே எழுதச் சொன்னபோது, கால்மணி நேரத்தில் நான்கு வரிகள். அவற்றிலும் ரகர றகரங்கள் இடம் மாறிக் கிடந்தன, கொம்புகள் காணாமற் போயின. அந்த 41 அவன் தமிழை அளந்ததன்று, அவன் கையை அளந்தது. டபுள் புரமோஷன் வேண்டாம், கணக்கைப் பறிக்கவும் வேண்டாம், எழுத்துச் சிக்கலை முதலில் தகுந்தோரிடம் காட்டுங்கள், அம்மா என்றேன். சென்னையில் மதராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் இதற்கெனவே இயங்குகின்றது. இத்தகைய இடர்ப்பாடு உறுதியானால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளும் உண்டு.

இப்பொழுது சனிக்கிழமைதோறும் தாயும் மகனும் கோட்டூர்புரம் செல்கின்றனர். இவ்வாண்டு அரையாண்டுத் தேர்வில் அவன் தமிழில் பெற்றது 52. கணக்கில் 91, வினாத்தாள் இம்முறை மிகவும் நன்றாயிருந்ததாம்.