பவளத் திட்டுக்களைப் புதுப்பித்தல்

கடலடியில் காணப்படும் பவளத் திட்டு தோற்றத்தில் கல்லாயினும் உண்மையில் உயிர்க் கூட்டமேயாகும். பாலிப் எனப்படும் சிறு பிராணிகள் கடல் நீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தைப் பிரித்தெடுத்துத் தமக்குக் கூடு கட்டிக் கொள்கின்றன. ஒரு தலைமுறையின் கூட்டின்மீது அடுத்த தலைமுறை கட்டுகிறது. மான் கொம்பு போலக் கிளைக்கும் இனங்கள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வரை வளரக்கூடும். உருண்டைப் பாறை போன்றவை ஏறத்தாழ 1 சென்டிமீட்டரே வளரும். ஆகவே, கடப்பாரையால் ஒரே நாளில் பெயர்த்தெடுக்கப்படும் பெரும் பவளப் பாறையை ஈடு செய்ய ஒரு மனிதனின் ஆயுட்காலமும் போதாமற் போகலாம்.

இந்தியாவில் கட்ச் வளைகுடா, மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் சேர்ந்த பகுதி, அந்தமான் நிக்கோபார் தீவுகள், லட்சத் தீவுகள் ஆகிய இடங்களில் பவளத் திட்டுக்கள் பெருமளவில் உள்ளன. இவை அலைகளின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கின்றன; மீன்கள் இரை தேடவும், குஞ்சுகள் ஒளிந்து வளரவும் இடமளிக்கின்றன. திட்டு அழியுமானால் மீனவரின் வலையும் வெறுமையாகும். தீவின் மணலும் கரையும்.

அழிவின் காரணங்கள்

மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பவளப் பாறைகள் நெடுங்காலம் வெட்டி எடுக்கப்பட்டன. அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கியமைக்கு இது முக்கிய காரணமெனக் கருதப்படுகிறது. பாறையை உருவாக்கும் பவள இனங்களுக்கு 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடமளித்து, அவற்றை எடுப்பது தடை செய்யப்பட்டது. கடலடியை வாரிச் செல்லும் இழுவலை, ஆறுகளும் வாய்க்கால்களும் கொணரும் சேறு, கழிவுநீர் ஆகியவையும் கேடு விளைவிப்பனவே.

இவற்றினும் பெரிய கேடு வெப்பம். பாலிப்பின் உடலினுள் வாழும் நுண்ணிய பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்து அதற்கு அளிக்கின்றன. பவளத்தின் நிறத்திற்கும் பெரும்பாலும் அவையே காரணம். கடல் நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி சென்டிகிரேட் அளவு உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே, பாலிப் அப்பாசிகளை வெளியேற்றி விடுகிறது. அப்பொழுது பவளம் வெளிறிப் போகிறது. வெளிறிய பவளம் இறந்த பவளமன்று. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் மீளும், நீடித்தால் பவளம் பட்டினியால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்தியக் கடல்களில் இத்தகைய வெளிறல் பரவலாக நேர்ந்தது.

புதுப்பிக்கும் முறைகள்

நலமான பவளத்திலிருந்து சிறு கிளைகளை அளவோடு எடுத்து, சிமெண்டுப் பலகைகளில் கட்டி, அவற்றைக் கடலடியில் நிலையாக அமைப்பது எளிய முறை. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மன்னார் வளைகுடாவில் 2002-ஆம் ஆண்டு முதல் இம்முறையைக் கையாண்டு வருகின்றனர். கிளை ஆடாமல் நிற்பது இன்றியமையாதது. ஆடும் கிளை பற்றிக்கொள்ளாது. பாசி மூடிக்கொள்ளாமல் அவ்வப்போது துப்புரவு செய்தலும் வேண்டும்.

கட்ச் வளைகுடாவில் மித்தாபூர்க் கடலருகே 2020-ஆம் ஆண்டில் இந்திய விலங்கியல் ஆய்வகமும் குஜராத் வனத் துறையும் மற்றொரு முறையைச் சோதித்தன. நீருள் இறக்கிய எஃகுச் சட்டத்தில், சூரிய ஒளித் தகடுகளிலிருந்து பெறும் குறைந்த அழுத்த மின்சாரம் செலுத்தப்படுகிறது. கடல் நீரிலுள்ள கனிமங்கள் சட்டத்தின்மீது சுண்ணாம்பாகப் படிகின்றன. அதன்மேல் பவளக் கிளைகள் பொருத்தப்படுகின்றன.

முறைகளின் எல்லை

சேறு தெளியாத இடத்தில் நட்ட பவளம் தழைக்காது. பாசியை மேயும் மீன்கள் பிடித்தொழிக்கப்பட்ட இடத்தில் பாசியே வெல்லும். பல ஆண்டு உழைப்பில் வளர்த்ததை ஒரு கோடையின் வெப்பம் சில வாரங்களில் அழித்துவிடவும் கூடும். நடுதல் சிறு பரப்புக்கே இயலும். உலக வெப்பம் உயர்வதை அது தடுக்க மாட்டாது. ஆதலின் கேட்டின் காரணத்தை முதலில் நீக்குவதும், எஞ்சியுள்ள திட்டைக் காப்பதுமே முதற் கடமை. நடுதல் அதற்குத் துணையேயாகும்.

களப் பணியாளர்கள் கோடை மாதங்களில் நீரின் வெப்பத்தையும் பவளத்தின் நிறத்தையும் ஒரே இடத்தில், குறித்த நாட்களில் பதிவு செய்து வருதல் நலம். வெளிறியது, மடிந்தது ஆகிய இரண்டையும் பிரித்துக் குறித்தல் வேண்டும். மடிந்த பவளத்தின்மீது விரைவில் பாசி படரும் என்பதே அடையாளம். வெளிறிய நாட்களில் அத்திட்டின்மீது படகு நங்கூரமிடுவதைத் தவிர்க்குமாறு மீனவரைக் கேட்டுக்கொள்ளலாம். பள்ளிக் காட்சிச் சாலைக்கெனப் பவளத் துண்டுகளைச் சேகரிக்க மாணவரை ஏவுதல் சட்டத்துக்கு முரணானது. படமும் விளக்கமுமே அங்குப் போதுமானவை.