ஒரு மரபணுவும் தோல் கொப்புளமும்

"ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்பதை எப்படி ஐயா கண்டுபிடிக்கிறார்கள்?" மரபியல் பாடத்தில் மாணவர்கள் கேட்கும் இக்கேள்விக்கு நான் தரும் எடுத்துக்காட்டு கெரட்டின்.

முடி, நகம், தோல் ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதம் இது. புறத்தோலின் அடியடுக்குச் செல்களில் கெரட்டின் 5, கெரட்டின் 14 ஆகிய இரண்டும் கயிற்றுப் புரிகள்போல் இணைந்து இழைகளாகின்றன. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எலைன் ஃபுக்ஸ் குழுவினர், தோல் செல்களின் தூது ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. படியெடுத்து, அதைப் பாக்டீரியாவில் பெருக்கினர். இதுவே மரபணு நகலாக்கம். 1982இல் அதன் வரிசையை வெளியிட்டனர்.

அடுத்து, கெரட்டின் 14 மரபணுவைச் சிறிது சிறிதாக வெட்டி, வளர்ப்புச் செல்களுக்குள் செலுத்திப் பார்த்தனர். புரதத்தின் வால்பகுதி இல்லாதபோதும் இழைகள் உருவாயின. நடுத்தண்டின் முனையும் குறைந்தபோது, செல்லின் இழை வலையே குலைந்தது. எப்பகுதி இன்றியமையாதது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

1991இல், குறையுள்ள மரபணுவைப் பெற்ற எலிகளின் தோல் சிறு உரசலிலேயே கொப்பளித்தது. அதே ஆண்டில், எபிடெர்மோலைசிஸ் புல்லோசா சிம்ப்ளெக்ஸ் நோயாளிகளிடமும் இம்மரபணுவில் சடுதிமாற்றம் கண்டறியப்பட்டது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலே போதும், தோல் உறுதி இழந்துவிடும்.

இந்நோய் யாருக்கும் ஒட்டாது. இத்தகைய குழந்தை நம் வகுப்பில் இருந்தால் தனியே உட்கார வைக்க வேண்டியதில்லை. இறுக்கமான காலணியையும் உராய்வு மிகுந்த விளையாட்டையும் கட்டாயப்படுத்தாமல், மருத்துவர் சொன்னதைப் பெற்றோரிடம் கேட்டறிந்து நடந்தால் போதும். பாடத்தோடு இதையும் சொல்லிக்கொடுத்தால், அருகில் உட்காரும் குழந்தையும் தயங்காது.