மலைக் குளிரும் கரியடுப்பும்

சென்ற டிசம்பரில், அரைப்பரீட்சை லீவுக்குக் குழந்தைகளோடு கொடைக்கானல் போனோம். சனிக்கிழமை சாயங்காலம் காட்டேஜில் இறங்கினால், சமையலறையில் உப்புக்கூட இல்லை! கொண்டுபோன இட்லியை வைத்து அன்றிரவு சமாளித்தோம்.

நல்லவேளை, மறுநாள் டவுனில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. காரட், உருளைக்கிழங்கு, குடைமிளகாய், மக்காச்சோளம் எல்லாம் வாங்கினேன். கடையில் பன்னீரும் இரண்டு கிலோ அடுப்புக்கரியும் கிடைத்தன. 2019 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடையாச்சே! துணிப்பை கைகொடுத்தது.

குக்கரை மட்டும் மறக்காதீங்க. 7,000 அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது.

சாயங்காலம் வாசலில் கரியடுப்பு மூட்டிச் சோளம் சுட்டு, எலுமிச்சம்பழமும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தேன். இருட்டியதும் சின்னவளுக்குப் பல் தந்தியடித்தது. 'தணல் வீணாகிறதே, உள்ளே வைத்தால் கணகணப்பாக இருக்குமே' என்று அடுப்பைத் தூக்கப் போனேன். காவல்காரப் பெரியவர் ஓடிவந்தார்.

"வேணாம்மா! இதை உள்ளே வெச்சுட்டுப் படுத்தா காலையில எழுந்திருக்க மாட்டீங்க!"

வெலவெலத்துப் போனேன். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். சாம்பல் பூத்த கரியும் அந்த வாயுவைக் கக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் ஆபத்துதான்.

தணலை வெளியிலேயே தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, குழந்தைகளைக் கம்பளியில் பொதிந்துகொண்டு படுத்தேன். சாமான் லிஸ்டில் கரி என்று எழுதும்போதே, பக்கத்தில் 'கூடுதலாக இரண்டு கம்பளி' என்றும் எழுதிக்கொள்ளுங்கள், சகோதரிகளே!