பாஸ் அவுட் ஆன கதை

சென்ற கோடை விடுமுறைக்கு நியூஜெர்சியிலிருந்து என் பேத்தி தார்நாக்காவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பத்து வயது. தமிழ் நன்றாகவே பேசுவாள். கூடத்தில் மாட்டியிருக்கும் என் டிப்ளமா சான்றிதழைப் பார்த்து, "தாத்தா, இது எப்போ வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

"1979-ல பாஸ் அவுட் ஆனேன்மா" என்றேன் பெருமையாக.

குழந்தை முகம் வாடிவிட்டது. "அச்சச்சோ! மேடையிலேயா மயங்கி விழுந்தீங்க? யாராவது தண்ணி தெளிச்சாங்களா தாத்தா?"

வீடே சிரித்தது. எனக்கு மட்டும் அன்று முழுதும் இந்த இரண்டு சொற்கள் மண்டையைக் குடைந்து கொண்டே இருந்தன. அகராதியை எடுத்துப் புரட்டினேன்.

'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது. பேச்சு வழக்கான இந்தப் பொருள் சுமார் நூறு ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. அமெரிக்கக் குழந்தைக்குத் தெரிந்தது இதுதான். இன்னொரு பொருள், எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது. மூன்றாவது பொருள் பிரிட்டிஷ் ராணுவம் தந்தது: பயிற்சியை முடித்து வெளியேறுவது. ஆக, நம் ஊர் வழக்கு தப்பே இல்லை. பட்டாளத்துக்காரர் சொல்லை நாம் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் கொண்டு வந்துவிட்டோம், அவ்வளவுதான்.

1932-ல் தொடங்கிய டேராடூன் ராணுவ அகாடமியில் இன்றும் 'பாஸிங் அவுட் பரேட்' நடக்கிறது. மிடுக்காக நடைபோட்டு 'அந்திம் பக்' என்னும் கடைசிப் படியைத் தாண்டினால் அவர் அதிகாரி. வேடிக்கை என்னவென்றால், நம் ஹைதராபாத் அருகே துண்டிக்கல் விமானப்படை அகாடமியில் இதே அணிவகுப்புக்கு 'கிராஜுவேஷன் பரேட்' என்று பெயர். சிவராம்பள்ளி போலீஸ் அகாடமியில் 'தீக்ஷாந்த் பரேட்' என்கிறார்கள். ஒரே ஊரைச் சுற்றி ஒரே சடங்குக்கு இரண்டு பெயர்!

அமீர்பேட்டைப் பக்கம் போனால் இன்னும் விசேஷம். கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களில் 'பாஸ்டு அவுட்ஸ்' என்று ஆட்களையே அப்படி அழைக்கிறார்கள். அமெரிக்காக்காரர் படித்தால், இத்தனை பேர் மயங்கிக் கிடக்கிறார்களே, ஆம்புலன்ஸ் எங்கே என்று தேடுவார்.

இரவு போனில் என் மகன், "அப்பா, கிராஜுவேட் ஆனேன்னு சொல்லிட்டா குழப்பமே இல்லையே" என்றான்.

நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். அவன் இருக்கும் ஊரில் உயர்நிலைப் பள்ளி முடித்தவரும் கிராஜுவேட் ஆகலாம். நம் நாட்டில் பட்டம் பெற்றவர் மட்டுமே கிராஜுவேட். 1981-ல் சிக்னல் இன்ஸ்பெக்டர் அப்ரண்டிஸாக ரயில்வேயில் சேர்ந்து, இதே தார்நாக்காவில் உள்ள இரிசெட்டில் பயிற்சி பெற்று, 2019-ல் ஓய்வு பெறும் வரை எத்தனையோ படிவங்கள் பூர்த்தி செய்தேன். 'பட்டதாரியா?' என்ற கட்டத்தில் ஒருமுறை கூட 'ஆம்' என்று எழுதியதில்லை. எழுதவும் முடியாது. என் கீழ் வேலை பழகிய பட்டதாரிப் பையன்கள் எனக்கு மேலதிகாரிகளாக வந்தபோது, அந்தக் கட்டம் என் நினைவுக்கு வரும்.

'பாஸ் அவுட்' அப்படி ஆள் பார்ப்பதில்லை. ஐ.டி.ஐ. பிட்டர், டிப்ளமாக்காரர், ஐ.ஐ.டி. மாணவர், பட்டாளத்துச் சிப்பாய், எல்லோருக்கும் அதில் இடம் உண்டு.

ஆகவே வெளிநாட்டுக்கு விண்ணப்பம் எழுதும் நம் சங்கத்துப் பிள்ளைகள், பட்டம் பெற்றிருந்தால் 'கிராஜுவேட்டட்' என்றே எழுதட்டும். படிப்பவருக்குப் புரிவதுதான் முக்கியம். நமக்குள் பேசும்போது 'பாஸ் அவுட்' என்று சொல்லக் கூச்சம் வேண்டாம்.

ஊருக்குக் கிளம்பும் முன் பேத்தி மறுபடியும் கேட்டாள், "அன்னிக்கு நிஜமாவே யாரும் மயங்கலையா தாத்தா?"

"இல்லைம்மா. எங்கப்பா மூணாவதுக்கு மேல படிக்காதவர். ரிசல்ட் வந்த அன்னிக்குத் தெரு முழுக்கக் கல்கண்டு கொடுத்தார். உங்க ஊர் இங்கிலீஷ்ல அதுவும் பாஸ் அவுட்தான்" என்றேன்.