பின் இருக்கைக்குள் ஒளிந்திருக்கும் சத்தம்: பழைய காரின் பின்பக்கச் சொக்கை நெருங்குவது எப்படி?

வங்காலையில் இருந்து மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வாடகைக்குக் கார் ஓட்டும் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் என்னிடம் வந்தார். அவரது கார் 1990களின் பிற்பகுதியில் வந்த டொயோட்டா கொரோலா 110. சிறு பள்ளத்தில் சில்லு இறங்கினாலும் பின்பக்கத்தில் ‘டக்’ என்று ஒரு தட்டு.

“தம்பி, கீழ இருக்கிற புஷ் எல்லாம் ரெண்டு தரம் மாத்திட்டன். சத்தம் போகேல்லை. கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போற ஐயாவுக்கு முதுகுக்குள்ள இன்னும் செல் துண்டு கிடக்கு. ஒவ்வொரு தட்டுக்கும் அவர் பல்லைக் கடிக்கிறார்” என்றார்.

எறிகணைச் சிதறலை உடம்பில் சுமந்துகொண்டு வாழ்பவர்கள், காலை இழந்தவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் எமது கிராமங்களில் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு வைத்தியசாலைக்கான வழி, இப்படியான ஒரு பழைய காரின் பின் இருக்கைதான். ஆகவே பின்பக்கச் சத்தத்தைச் சின்ன விடயம் என்று நான் ஒதுக்குவதில்லை.

அந்தக் காரின் பிழை கீழே இருக்கவில்லை. பின் இருக்கைக்குப் பின்னால், கண்ணாடியின் கீழுள்ள தட்டுக்கு அடியில் இருந்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் காருக்குள் இருக்கும் மூடிகளைக் கழற்ற வேண்டும். அதைச் செய்யும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் உள்ளே தேட வேண்டும்?

எமது மூத்த மெக்கானிக்குகள் தொழில் பழகியது ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்களில். பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. அவற்றின் பின்பக்கத்தில் இருந்தது வில்லுத் தகடு. காருக்குக் கீழே படுத்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். வில்லுத் தகடு பூட்டிய பிக்கப்புகளும் வேன்களும் இன்றும் அப்படித்தான்.

1980களில் இருந்து வந்த முன்சில்லு இழுக்கும் கொரோலா கார்கள் வேறு விதமானவை. அவற்றில் சொக் அப்சோபரும் சுருள் ஸ்பிறிங்கும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். இதை ஸ்ட்ரட் என்பார்கள். ஏர்ள் மக்பேர்சன் என்ற பொறியியலாளர் 1940களில் வடிவமைத்த முறை இது. தூணின் அடி, சில்லைத் தாங்கும் பகுதியோடு பூட்டப்படும். அதன் தலை காரின் உடற்தகட்டில் மூன்று நட்டுகளால் பூட்டப்படும். தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் இறப்பர் பதித்த ஒரு மவுண்ட் இருக்கும்.

பின்பக்கத்தில் அந்தத் தலை வந்து நிற்கும் இடம் காருக்கு உள்ளே. அதன் மேல் தட்டு, மூடி, இருக்கை என்று எல்லாவற்றையும் போட்டு அழகாக மறைத்திருப்பார்கள். மவுண்டின் இறப்பர் கிழிந்தால் தூண் மேலும் கீழுமாகத் தட்டும். கீழே எத்தனை புஷ் மாற்றினாலும் அந்தத் தட்டு நிற்காது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. வரியோ தலைக்கு மேலே. எனவே 25, 30 வயதுக் கார்களை இன்னும் பல வருடங்கள் ஓட்டப்போகிறோம். உள்ளே இருப்பதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

கழற்ற முன் உறுதி செய்யுங்கள்

காரைச் சமதரையில் நிறுத்தி, ஒருவர் டிக்கியின் மூலையை அழுத்தி ஆட்டட்டும். மற்றவர் பின் இருக்கையில் இருந்துகொண்டு, பின்தட்டின் ஓரத்தில், ஸ்ட்ரட் வரும் இடத்துக்கு மேலே உள்ளங்கையை வைக்கட்டும். மவுண்ட் போயிருந்தால் அந்தத் தட்டு கையில் தெரியும். அழுத்தி விட்ட பின் கார் இரண்டு மூன்று தரம் ஆடினால் சொக்கும் முடிந்துவிட்டது. சொக்கின் உடம்பில் ஒயில் வடிந்து தூசி ஒட்டியிருந்தாலும் அதுதான் பொருள்.

மூடிகளைக் கழற்றும் வரிசை

முதலில் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். எயார்பாக் உள்ள கார்களில் அதன் பின் குறைந்தது 90 செக்கன் பொறுத்திருக்க வேண்டும் என்பது டொயோட்டாவின் அறிவுறுத்தல். மஞ்சள் நிற வயரோ மஞ்சள் இணைப்பியோ கண்டால் அதைத் தொடாதீர்கள். அது எயார்பாக்குக்கு உரியது.

அடுத்தது இருக்கையின் அடிப்பகுதி. பெரும்பாலான கொரோலாக்களில் அதன் முன்விளிம்பு இரண்டு இடங்களில் கொளுவியிருக்கும். அந்த இடங்களில் கையை வைத்து நேராக மேலே இழுத்தால் விடுபடும். பிறகு முன்பக்கமாக நகர்த்தி எடுக்கலாம். பெல்ட்டின் கொளுவிகள் இருக்கையின் துவாரங்கள் வழியே வருவதால் அவற்றை விடுவித்துக்கொண்டு எடுங்கள்.

மூன்றாவது, முதுகுச் சாய்வு. அதன் அடியில் போல்ட்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு முழுச் சாய்வையும் மேல்நோக்கித் தூக்கினால் பின்னால் உள்ள கொளுக்கிகளில் இருந்து விடுபடும். மடிக்கக்கூடிய சாய்வு என்றால் பிணைச்சல் போல்ட்டுகளையும், பக்கத்துச் சிறு மெத்தைகளையும் தனியே கழற்ற வேண்டும்.

நான்காவது, பின்கதவுக்கும் பின்கண்ணாடிக்கும் இடைப்பட்ட தூணின் மூடி. கதவின் இறப்பர் விளிம்பை அந்த இடத்தில் மட்டும் இழுத்துவிட்டு, மூடியைக் காரின் உள்பக்கமாக நேரே இழுங்கள். சரித்து இழுத்தால் கிளிப் உடையும்.

கடைசியாகப் பின்தட்டு. கிளிப்புகளை எடுத்தபின் அதை முன்பக்கமாக இழுக்க வேண்டும். மேலதிக பிறேக் விளக்கு, ஸ்பீக்கர் ஆகியவற்றின் வயர்களை முதலில் கழற்றுங்கள். வயரோடு இழுத்து அறுத்தவர்கள் பலர்.

கிளிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. எமது பகுதிப் பழைய கார்கள் பலவற்றில் பாதிக் கிளிப் இல்லை. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் இருக்கையையும் கதவு மூடியையும் எத்தனை தரம் கழற்றிக் காட்டினோம் என்பது அந்தப் பாதைகளில் ஓடியவர்களுக்கு நினைவிருக்கும். அவசரத்தில் கழற்றி, பயத்தில் பூட்டிய மூடிகள் அவை. இன்று அவசரம் இல்லை. காரைக் கொஞ்ச நேரம் வெயிலில் விட்டால் பிளாஸ்ரிக் இளகிக் கொடுக்கும். இரும்புத் திருப்புளியால் நெம்ப வேண்டாம். நான் பனைமட்டையைத் தட்டையாகச் சீவி வைத்திருக்கிறேன். அது மூடியைக் கீறாது. நடுவில் ஊசி உள்ள கிளிப் என்றால் முதலில் ஊசியைத் தூக்கிவிட்டே கிளிப்பை எடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, போல்ட்டுகளை வரிசைப்படி தனித்தனிக் கிண்ணங்களில் போட்டு வையுங்கள்.

நடு நட்டைத் தொடாதீர்கள்

மூடிகள் போன பின் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். சுற்றிவர மூன்று நட்டுகள், நடுவில் ஒன்று. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பதானால் இதை வையுங்கள்: ஸ்ட்ரட் காரில் இருக்கும்போது நடு நட்டைக் கழற்றக் கூடாது. நூற்றுக்கணக்கான கிலோ விசையில் அமுக்கப்பட்ட ஸ்பிறிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். கழன்றால் ஸ்பிறிங் பாயும். கை போகலாம், முகம் போகலாம், உயிரும் போகலாம். ஸ்ட்ரட்டை முழுதாக வெளியே எடுத்து, ஸ்பிறிங்கை அமுக்கும் கருவியை இரு பக்கமும் சமமாகப் பூட்டி இறுக்கி, ஸ்பிறிங் தளர்ந்த பின்னரே நடு நட்டில் கைவைக்க வேண்டும். கயிறு, சங்கிலி, கம்பி எதுவும் அந்தக் கருவிக்கு ஈடாகாது. கருவி இல்லை என்றால் ஸ்ட்ரட்டைக் கழற்றி, கருவி உள்ள கராஜுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

காரை உயர்த்துவதிலும் கவனம் வேண்டும். வங்காலை மண் மணல் மண். ஜக் புதையும். தடித்த பலகையை அடியில் போட்டு, முன்சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்து, உயர்த்திய பின் உறுதியான தாங்கிகளில் காரை இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள்.

கீழுள்ள போல்ட்டுகள் கறள் பிடித்துத்தான் இருக்கும். முதல் நாளே ஊடுருவும் ஒயிலை விட்டு வையுங்கள். காஸ் அடைத்த சொக்கின் பக்கத்தில் தீச்சுவாலையால் சூடேற்றுவது ஆபத்து. பிறேக் குழாயின் பிடியை ஸ்ட்ரட்டில் இருந்து விடுவியுங்கள். குழாயில் பாரம் தொங்கக் கூடாது. மேலுள்ள மூன்று நட்டுகளையும் கடைசியில், ஒருவர் கீழே ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது கழற்றுங்கள்.

மாற்றும்போது இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். சொக்கைப் புதிதாகப் போட்டு மவுண்டைப் பழையதாக விட்டால் அதே சத்தம் திரும்பி வரும்.

மூடிக்குக் கீழே கறள்

அந்த வாடகைக் காரில் மவுண்டின் இறப்பர் கழன்று வந்திருந்தது. அதைவிட என்னை யோசிக்க வைத்தது, அது பூட்டியிருந்த தகடு. ஒரு நட்டைச் சுற்றிக் கறள் செதில் செதிலாக எழும்பி இருந்தது.

வங்காலையில் இருந்து மன்னார் நகருக்குப் போகும் பாதையில் உவர் நிலமும் சேறும் கடலும்தான். 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைப் பறவைகள் சரணாலயமும் அங்கேதான். பறவைக்கு உகந்த அந்த உப்புக் காற்று தகட்டுக்கு உகந்தது அல்ல. அதைவிடக் கேடு, டிக்கியில் மீன் பெட்டி ஏற்றுவது. ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் விரிப்புக்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கும். வெளியே மினுங்கும் காரின் உள்தகடு பல வருடங்களாக மெல்ல மெல்லத் தின்னப்படும்.

கறளைக் கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டு, திருப்புளிப் பிடியால் தட்டிப் பாருங்கள். தகடு திடமாக ஒலித்தால் சுத்தம் செய்து, கறள் தடுப்புப் பூச்சு அடிக்கலாம். ஓட்டை விழுந்தால், அல்லது தட்டும்போது உள்ளே அமிழ்ந்தால், புட்டி பூசி மறைக்க வேண்டாம். ஸ்ட்ரட்டின் முழு அடியையும் வாங்கும் தகடு அது. வெட்டி எடுத்துப் புதிய தகடு வைத்து ஒட்டத்தான் வேண்டும். கொரோலாவின் பெற்றோல் தாங்கி பின் இருக்கைக்குக் கீழேயே இருப்பதால், தாங்கியை அகற்றாமல் அந்த இடத்தில் வெல்டிங் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசில் பழைய கார் வாங்க இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பொலிஷைப் பார்த்து முற்பணம் கொடுக்காதீர்கள். பின் இருக்கையைத் தூக்கி, டிக்கி விரிப்பை உயர்த்தி, ஸ்ட்ரட் தலையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு கார் பாருங்கள்.

திரும்பப் பூட்டும்போது

இறப்பர் புஷ் உள்ள கீழ் போல்ட்டுகளைக் கார் நிலத்தில், தன் பாரத்தில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்து இறுக்கினால் புஷ் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். எந்த நட்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்பதை அந்தந்த மொடலின் கைநூலில் பாருங்கள்.

பெல்ட்டுகள் மூடிக்குள் சிக்காமல், முறுகாமல் வெளியே வந்துள்ளனவா என்று ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். முதுகுச் சாய்வின் கொளுக்கி சரியாக விழுந்ததா என்று முன்பக்கமாக இழுத்துச் சோதியுங்கள். விழாவிட்டால் சடுதியான பிறேக்கில் டிக்கியில் உள்ள பாரம் பயணியின் முதுகில் வந்து மோதும். பிறேக் விளக்கையும் பாருங்கள். கடைசியாகச் சில்லுகளின் எலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

அந்தக் காருக்கு இரண்டு பக்கமும் புதிய மவுண்டும் சொக்கும் போட்டோம். தகடு ஓட்டையாகவில்லை. சுத்தம் செய்து பூச்சு அடித்தோம். கிளிப்புகள் எல்லாம் புதிது. மீன் பெட்டி இனி ஏற்றுவதானால் அடியில் விளிம்பு உயர்ந்த தட்டு வைக்கும்படி சொல்லி அனுப்பினேன்.

அடுத்த கிளினிக் நாளில் அண்ணை அழைத்தார்.

“ஐயா மன்னார்ப் பாலம் தாண்டுமட்டும் நித்திரை கொண்டார், தம்பி” என்றார்.