பூ இதழை அளந்த கணக்கு

சிவனுக்குக் கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்தும் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கட்டி முடித்தவர் திருநின்றவூர்ப் பூசலார் என்கிறது பெரியபுராணம். இன்று அதே ஊரில் 50,000 ரூபாய் பர்சனல் லோன் கேட்டு வங்கிக்குப் போகிறவரிடம் நகை, பத்திரம் எதுவும் கேட்பதில்லை. சம்பளச் சீட்டைப் பார்க்கிறார்கள். பான் எண்ணைத் தட்டுகிறார்கள். திரையில் மூன்று இலக்க எண் ஒன்று வருகிறது. ஊரே ‘சிபில்’ என்று சொல்லும் அந்த ஸ்கோர் 300-இல் தொடங்கி 900 வரை போகும். முன்பின் தெரியாத ஒருவர் பணத்தைத் திருப்பிக் கட்டுவாரா என்பது எண்ணுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கணக்கு பிறந்தது பூக்களில். எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர் திரட்டிய ஐரிஸ் பூக்களின் அளவுகளை 1936-இல் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் ஆராய்ந்தார். மூன்று இனங்கள், 150 பூக்கள்; ஒவ்வொன்றிலும் புல்லி இதழ், அல்லி இதழ் இரண்டின் நீளமும் அகலமும். நெருங்கிய இரண்டு இனங்களை எந்த அளவும் தனியாக, முழுதாகப் பிரித்துக் காட்டவில்லை. நான்குக்கும் தக்க எடை கொடுத்துக் கூட்டி ஒரே எண்ணாக்கியபோது அவை பெரும்பாலும் விலகி நின்றன. 1941-இல் டேவிட் டுராண்ட் இந்த முறையை அமெரிக்கத் தவணைக் கடன்களுக்குக் கொண்டுவந்தார். பூவினங்கள் இருந்த இடத்தில், ஒழுங்காகக் கட்டியவர்களும் தவறியவர்களும். 1956-இல் பில் ஃபேரும் ஏர்ல் ஐசக்கும் இதையே தொழிலாக்கினார்கள். இந்தியாவில் சிபில் நிறுவனம் தொடங்கியது 2000-இல். இத்தகைய நிறுவனங்களுக்கான சட்டம் வந்தது 2005-இல்.

இதழ்களுக்குப் பதிலாக இன்று அளக்கப்படுபவை: தவணை தேதியில் போனதா, கிரெடிட் கார்டு வரம்பில் எவ்வளவு தீர்ந்தது, கடன் பழக்கம் எத்தனை ஆண்டு, அண்மையில் எத்தனை இடத்தில் விண்ணப்பித்தார். ஒரே வாரத்தில் ஐந்து வங்கியில் கேட்டால் ஸ்கோர் இறங்கலாம். நம் ஸ்கோரை நாமே பார்த்தால் இறங்காது. ஆனால் அந்த எண் நம்மைப் பற்றிப் பேசுவதில்லை. நம்மைப் போன்ற பதிவு உள்ளவர்களில் எத்தனை பேர் தவறினார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது.

எனக்கு வருத்தம் தருவது அதன் பார்வைக்கு எட்டாத இடம். தண்டல் வாங்கி நூறு நாளும் தவறாமல் கட்டிய காய்கறிக் கடைக்காரரின் நாணயம் தண்டல்காரரின் நோட்டோடு முடிந்துவிடுகிறது. காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலைக்குப் போய், கடனே வாங்காமல் வாழ்ந்தவருக்கும் பதிவு கிடையாது. முன்பு கடன் வாங்கியதில்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் முறை கேட்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் அறிவுறுத்தியது. வெகு நாளாக வேண்டியிருந்த வார்த்தை அது.

லோன் கிடைத்த பிறகு இன்னொரு கணக்கு காத்திருக்கிறது. 50,000 ரூபாய், ஓராண்டு, 14 சதவீதம். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 4,489 ரூபாய். மொத்த வட்டி 3,872. முதல் மாதத் தவணையில் வட்டி 583 ரூபாய், கடைசி மாதத்தில் 52 மட்டுமே. அதே 14 சதவீதத்தை ‘ஃபிளாட்’ என்று சொன்னால் வட்டி 7,000. பாதி அசலைக் கட்டி முடித்த பிறகும் முழு அசலுக்கே வட்டி ஓடுவதால், உண்மை விகிதம் 25 சதவீதத்தைத் தொடுகிறது. கையெழுத்துக்கு முன் ஆண்டு மொத்தச் செலவு விகிதத்தை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கெல்லாம் விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவில் ஸ்கோர் கணிக்கும் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. கட்டி முடித்த கடன் அதில் பாக்கி என்று நின்றால் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு வர வேண்டும்.